குறுக்குச் சட்டங்கள்

"இது காலனி ஆளுங்க வேலைதான் மேடம். வேற யாரு செய்யப் போறா?"

நவநீதன் ஊருக்கே கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அவர் கை நீண்ட பக்கம் லூர்துமேரி நின்றிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

இஞ்சினியர் கனிமொழி பாலத்துக்கு அடியிலிருந்து கரையேறி வந்தார். வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் போவது நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வைத்துக்கொள்வதா, பிரித்துப் போடுவதா என்று பார்த்து எழுதத்தான் அவர் வந்திருந்தார்.

"பாலம் இன்னும் தெம்பாத்தான் இருக்கு சார். ஆனா அடியில குறுக்குச் சட்டம் பாதியக் காணோம். யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க. அது கிடைச்சா திரும்ப மாட்டி, நடக்கறதுக்கும் டூவீலருக்கும் விடலாம்னு எழுதிடுவேன். கிடைக்கலன்னா பிரிச்சு ஏலம் விடச் சொல்றதத் தவிர வேற வழியில்ல."

"புதுப் பாலம் வருங்களா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இப்போதைக்கு நிதி இல்லைங்க."

கூட்டம் முணுமுணுத்தது. நவநீதனுக்கு முகம் சிவந்தது. பெங்களூரில் கம்பெனி வேலை முடிந்து, அப்பா காலமான பிறகு ஊரோடு வந்து சேர்ந்தவர் அவர். வந்ததும் பாலம் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, தலைவர் பதவியையும் தானே எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். என்ன, மூளைக்கு முன்னால் வாய் ஓடும்.

"ஏம்மா லூர்து! எங்க உன் வூட்டுக்காரன்? நாளைக்குக் காலையில இரும்பு மொத்தமும் இங்க வந்தாகணும். இல்லன்னா போலீஸ்தான், சொல்லிட்டேன்."

'நாங்க தொடவே இல்லைங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லூர்துமேரிக்கு நாக்கு எழவில்லை. எப்படி எழும்? கழட்டியது அவள் புருஷன் முனிராஜ். சும்மாடு கட்டிச் சுமந்தவள் அவள். அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

"யார் வூட்ல இருந்தாலுங்களா சார்?" என்றாள் மெதுவாக.

"யார் வூடா இருந்தா எனக்கென்ன? கூரைக்குப் போட்டிருந்தாலும் பிரிச்சுக் கொண்டா! யாராவது கேட்டா நவநீதன் சொன்னாருன்னு சொல்லு." அதே மூச்சில் இஞ்சினியர் பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்தார். "நாளைக்கு வந்தா நம்ம வூட்ல காபி சாப்பிட்டுத்தான் போவணும் மேடம். நம்ம மாட்டுப் பால். பாக்கெட் பால் வாங்கறதே இல்ல."

வீட்டுக்கு வந்ததும் லூர்துமேரி முனிராஜைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே கூடியிருக்கற எடத்துல என்னத் திருடியா நிக்க வெச்சிட்டியே!"

"வயித்துப் பாட்டுக்குச் செஞ்சதுதான லூர்து. பாலத்துல வண்டி வாசியே போவல. இனி யாருக்கு ஆவப் போவுதுன்னு நெனச்சேன்."

"யாருக்கு ஆவப் போவுதா? உம் பொண்ணு தெனமும் எதுமேல நடந்து போறா?"

மகள் தேவிப்பிரியா அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பொம்மிடிக்குப் போய், சேலம் காலேஜுக்கு ரயில் ஏறுகிறாள். முனிராஜ் சட்டத்தைக் கழட்டிய அன்றைக்கு அவள் பிறந்திருக்கவே இல்லை. அடியில் சட்டம் இல்லாத பாலத்தில் பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு, அவள் சாயங்காலம் திரும்பும்வரை லூர்துமேரி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பாள். வெளியில் சொல்லக்கூட முடியாத பயம் அது.

"அவரே சொல்லிட்டாரில்ல, விடிஞ்சதும் போய்ப் பிரிச்சிடலாம்," என்றான் முனிராஜ். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

மறுநாள் காலை நவநீதன் பைக்கில் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போய்க் கனிமொழியை அழைத்து வந்தார். பாலத்து முகப்பில் இரும்புச் சட்டங்கள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் முனிராஜும் லூர்துமேரியும், சுமந்துவரக் கைகொடுத்த காலனிக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

"பாத்தீங்களா மேடம்? நான் சொன்னனா இல்லியா? ஒரே அதட்டல், மொத்தமும் வந்து விழுந்துடுச்சு!"

கனிமொழி முனிராஜைப் பார்த்தார். "நீங்கதான் கழட்டினீங்களா?"

"ஆமாங்க மேடம். இந்தக் கைதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லூர்துமேரிக்கு அப்படியே ஆற்றில் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது. காலேஜுக்குக் கிளம்பி வந்த தேவிப்பிரியாவும் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணின் முகத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கனிமொழி ஒரு சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தார். "என்ன சார், சாணி நாத்தமா அடிக்குது?"

"அவங்க வெச்சிருந்த லட்சணம் அப்படி மேடம். சுத்தபத்தம் தெரியாத சனங்க," என்று நவநீதன் சிரித்தார்.

லூர்துமேரி வாயைத் திறந்தாள். அதற்குள், காபி பிளாஸ்கும் கையுமாக நவநீதனின் மனைவி கோகிலவாணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"ஏங்க, எத்தன தடவ போன் அடிக்கறது? உங்கப்பா முனிராஜுக்குக் கூலி குடுத்து ஆசை ஆசையாக் கட்டுன இரும்பு மாட்டுக்கொட்டாய மொத்தமாப் பிரிச்சுக் கொண்டாரச் சொன்னீங்களாமே! மழ வர்ற நேரத்துல மாட்டையெல்லாம் நான் எங்க கொண்டுபோய்க் கட்டறது?"