காற்றோட்டமான கிளினிக்

ராஜபாளையத்தில் புதிதாகக் கட்டிய கிளினிக்குக்கு ஆர்க்கிடெக்ட் சிவரஞ்சனியை வரவழைத்துக் கத்தினார் டாக்டர் சமுத்திரம்.

"என்னம்மா கட்டி வச்சிருக்க? வாரவன் பூராம் ஹால்ல செத்த நேரம் உக்காருதான். காத்தும் வெளிச்சமும் பட்டதும் தலைவலி போயிருச்சுன்னு என்னயப் பாக்காமலே கெளம்பிருதான். காலையில இருந்து ஊசி போட ஒரு ஆளு கெடைக்கல!"

"உக்காந்தாலே குணமாகணும்னுதான் சார் டிசைன் பண்ணினேன்."

"அப்ப நான் எதுக்கு?"

"இடிச்சிரலாமா சார்?"

"வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாண்டிச்செல்வம்னு எனக்கு ஒரு போட்டி டாக்டர் இருக்கான். அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடுத்துரு. செலவு பூராம் என்னோடது."

சிவரஞ்சனி தயங்கினாள்.

"அவியளுக்குப் போன வருசமே கட்டிக் குடுத்துட்டேன் சார். உங்களுக்குக் கட்டச் சொல்லி என்னைய அனுப்பி வச்சதே அவியதான்."