ஆட்சேபணை அக்கா

“போதை ஊசி போட்டுக்கறவனுக்கு நீங்களே புது ஊசி எடுத்துக் குடுப்பீங்களா? அடுத்து என்ன, போட்டும் விடுவீங்களா?”

குடியிருப்போர் சங்கத் தலைவர் கேட்டதும் ஹாலில் பலத்த கைதட்டல்.

சுகாதார அலுவலர் பொறுமையாக விளக்கினார். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் வாங்கிப் போட்டுக்கொள்வதால் நோய் பரவுகிறது, உயிர் போகிறது. அதற்குத்தான் இந்தத் தெருவில் ஒரு மையம். சுத்தமான ஊசி கிடைக்கும். விட நினைக்கிறவர்களுக்கு மருந்தும் உண்டு, உட்கார்ந்து பேச ஆளும் உண்டு.

“விடணும்னா ஒரே நாள்ல விடட்டும். அதுக்கு நம்ம தெருதான் கிடைச்சுதா?” என்றார் தலைவர்.

அவருடைய தெம்புக்குக் காரணம், முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தெருவில் அவருக்கு ஆட்சேபணை அக்கா என்று பெயர். வேகத்தடை உயரமாக இருக்கிறது என்று ஆட்சேபித்து இடிக்க வைத்தார். இடித்த பிறகு, வேகத்தடையே இல்லை என்று ஆட்சேபித்துத் திரும்பக் கட்ட வைத்தார்.

“அக்கா, இந்த மையத்துல உனக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கா?” என்று தம்பி முன்னாடியே கேட்டு வைத்திருந்தார்.

“நிறைய இருக்கு.”

அது போதாதா? ‘அக்கா எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கையைத் தூக்குங்க’ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அக்கா எழுந்தார். மைக் கீச்சிட்டது. அக்கா முறைத்தார். அடங்கிவிட்டது.

“மையத்தை எப்ப திறப்பீங்க?”

“காலையில பத்து மணிக்கும்மா.”

“ஆட்சேபிக்கிறேன்.”

மொத்த ஹாலும் கையைத் தூக்கியது.

“எந்த மாடியில?”

“மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.”

“அதையும் ஆட்சேபிக்கிறேன்.”

மறுபடி கைகள். தூங்கிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடைக்காரரைப் பக்கத்தில் இருந்தவர் இடித்தார். அவர் பதறிப்போய், போலீஸைப் பார்த்தவர் போல இரண்டு கையையும் தூக்கினார்.

“எத்தனை டாக்டர்?”

“ஒருத்தர்தான். வாரத்துல ரெண்டு நாள் வருவார்.”

“கடுமையா ஆட்சேபிக்கிறேன்.”

இந்த முறை பாதிப் பேர் எழுந்து நின்றே கையைத் தூக்கினார்கள். தையல் கடைக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

அலுவலர் முகம் சுருங்கிப்போனது. “அப்போ மையமே வேண்டாம்கறீங்களா?”

“யார் சொன்னா?” என்றார் அக்கா. “பத்து மணிக்குத் திறந்தா வேலைக்குப் போறவன் எப்ப வருவான்? விடிஞ்சதும் திறங்க. நடக்கவே தள்ளாடறவன் மூணு மாடி ஏறுவானா? கீழேயே வைங்க. டாக்டர் தினமும் வரணும். இதெல்லாம்தான் என் ஆட்சேபணை. எல்லாரும் கை தூக்கியாச்சு, எழுதிக்கோங்க.”

பாதியில் நின்றுபோன சில கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டன.

தையல் கடைக்காரர்தான் முதலில் சுதாரித்தார். “ஏன்க்கா, ஊசியைக் குடுத்தா பயமே விட்டுப்போயிடாதா?”

“உனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தப்ப, என் பக்கமும் ஒரு பிரேக் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“அது இருக்குங்கற தைரியத்துலயா நீ தாறுமாறா ஓட்டினே?”

“இல்லக்கா. எனக்கு ஓட்ட வந்ததே அப்படித்தான்.”

“அந்த பிரேக்காலதான் இன்னிக்கு எந்திரிச்சு நின்னு விசில் அடிக்கறே. ஒருத்தன் சரியா ஓட்ட வர்ற வரைக்கும் பக்கத்துல ஒரு பிரேக் வேணும்ப்பா.”

ஹால் சிரித்தது. தையல் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இப்போது நன்றாக விழிப்பு வந்திருந்தது. “இப்படி ஒரு இடம் இருந்திருந்தா என் தம்பி இன்னிக்கு இருந்திருப்பான்” என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினார். ஒரே ஒரு கை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கை. அப்புறம் தையல் கடைக்காரர். அப்புறம் எண்ண முடியவில்லை. தலைவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்காவிடம் பொரிந்து தள்ளினார்.

“மானத்தை வாங்கிட்டியே. எதிர்க்கறேன்னுதானே சொன்னே?”

“ஆட்சேபணை இருக்குன்னுதான்டா சொன்னேன்.”

“இனிமே எந்த முகத்தோட தலைவரா இருக்கறது? ராஜினாமா பண்ணப் போறேன்.”

“பண்ணு. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.”

வீட்டு வாசல் வந்தது. கேட்டில் கை வைத்த தலைவர் திறக்காமல் அப்படியே நின்றார். மாடியில் மகனின் அறை ஜன்னல் சாத்தியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, “அக்கா, அங்க வர்றவங்ககிட்ட பேர் கேப்பாங்களா?” என்றார்.

“கேக்க மாட்டாங்க.”

அவர் குரல் இன்னும் தணிந்தது.

“அப்பா பேரு?”