அளவுக்கு ஒரு தீக்குச்சி

குளியலறைச் சுவரில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. இளம்பச்சை. கீழே இரண்டு நீண்ட வால்கள்.

இரவு அணைக்க மறந்த விளக்கு இன்னும் எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு முழுக்க மூடுபனி.

கனவு இன்னும் கலையவில்லையோ என்று அவள் பல்கூடத் துலக்காமல் நின்றாள்.

பிறகு போனை எடுத்துவந்தாள்.

அந்துப்பூச்சி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விதி உண்டு. படத்தில் பூச்சிக்குப் பக்கத்தில் அளவுக்கு ஏதாவது இருக்கவேண்டும். சிலர் நாணயம் வைப்பார்கள். எட்டு மாதமாக அவள் வைப்பது தீக்குச்சி.

படம் போட்டால் தஞ்சாவூர் ரஷீத் பாய் முந்திக்கொள்வார். அநேகமாகத் தப்பாகச் சொல்வார். பிறகு பிலோமினா வந்து சரியான பெயரைச் சொல்வாள். சில நாள் கூடவே ஒரு வரியும் இருக்கும்.

"பெண் பூச்சி, மேடம். விரட்டிடாதீங்க."

மேடம்.

பிலோமினா அவளுடைய மகள். மேடம் யாரென்று மகளுக்குத் தெரியாது. புது எண். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மலைத்தோட்டம்'.

மகளின் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. மூன்று வருடமாகப் பேச்சில்லை. போயிருக்கலாம். போயிருக்கத்தான் வேண்டும். இப்போது அந்த ஒரு 'மேடம்' கேட்பதற்காகத் தினமும் விடிந்ததும் சுவர் சுவராகத் தேடுகிறாள்.

இன்று தீக்குச்சி எடுபடவில்லை. அவ்வளவு பெரிய இறகுக்குப் பக்கத்தில் அது கண்ணுக்கே தெரியவில்லை. இடது கையை விரித்து வைத்து எடுத்தாள். அனுப்பினாள்.

அப்புறம்தான் படத்தைப் பார்த்தாள்.

சுட்டுவிரல் நகம். நாலு வயதில் பிலோ பீரோக் கதவை அறைந்து சாத்தியதில் நசுங்கியது. அன்றிலிருந்து கோணல். ஒரு வாரம் அந்த விரலை விடாமல் ஊதிக்கொண்டே திரிந்தது குழந்தை.

அழித்துவிடலாம். மனம் வரவில்லை.

"அருமையான வண்ணத்துப்பூச்சி!" என்றார் ரஷீத் பாய்.

பிலோமினா எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். நின்றது.

சுவரில் பூச்சி ஒரே ஒருமுறை இறகை அசைத்தது.

"வண்ணத்துப்பூச்சி இல்ல பாய். நிலா அந்து. இதுக்குச் சாப்பிட வாய் கிடையாது. ஒரு வாரந்தான் உயிரோட இருக்கும்."

அவ்வளவுதான். குழு அடங்கிவிட்டது.

அவள் விளக்கை அணைத்தாள். கையில் போன் அதிர்ந்தது. இது குழுவில் வரவில்லை. அவளுக்கு மட்டும் வந்திருந்தது.

"இனிமே தீக்குச்சி வைக்காதம்மா. கையை வை."