கையை எடுக்காதே

“என்ன ஆனாலும் சரி, கார் மேலேருந்து கையை மட்டும் எடுத்துடாதே,” என்றான் விவரம்.

இஸ்திரிக்காரன் தலையாட்டிவிட்டு, சிவப்புக் காரின் பானெட் மேல் வலது உள்ளங்கையைப் பதித்தான். மணி பதினொன்று. பானெட் தோசைக்கல் மாதிரி கொதித்தது. அவனுக்கு அதெல்லாம் ஒரு சூடா?

விவரம் என்பது பட்டப்பெயர். ஆள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நகலெடுக்க வரும் காகிதம் எதுவானாலும் முதல் பக்கத்தைப் படித்துவிடுவான். இரண்டாம் பக்கம் புரட்டுவதற்குள் வந்தவர் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். இந்தக் கார் கண்காட்சிப் போட்டியும் அப்படிப் படித்ததுதான். காரைத் தொட்டபடியே நிற்க வேண்டும். கையை எடுத்தால் அவுட். கடைசி வரை நிற்பவருக்கு அந்தக் காரே பரிசு.

“ஒரே இடத்துல நின்னு கையை அழுத்தி வச்சிருக்கிறதுதானே உன் தொழிலே? இதுக்கு உன்னை விட்டா யாருடா இருக்கா?” என்று முந்தின நாளே இஸ்திரிக்காரனை ஏற்றிவிட்டிருந்தான்.

ஏற்றிவிடாவிட்டாலும் அவன் வந்திருப்பான். அவனுடைய சகலை போன மாதம் கார் வாங்கியிருந்தான். வாங்கினவன் தன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவன் வாசலுக்குக் கொண்டுவந்து, மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் இறங்குவான். அந்தச் சத்தம் கேட்டால் இவன் மனைவி ஒரு வார்த்தை பேச மாட்டாள், பெருமூச்சு மட்டும் விடுவாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தப் பெருமூச்சைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் கிளம்பும்போது, சாயங்காலம் பிள்ளைகளை ரெடி பண்ணி வை, கார்லதான் வருவேன் என்று வாயை விட்டுவிட்டு வந்திருந்தான்.

முன்வாசலில் கூட்டம் நெரிந்ததால் விவரம்தான் நண்பர்கள் இருவரையும் பக்கத்துச் சந்து வழியாக அழைத்து வந்தான். காரைச் சுற்றி ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் சாய்ந்தும் கை ஊன்றியும் நின்றார்கள். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றான் கூட வந்த மருந்துக்கடைக்காரன். விவரம் முறைத்த முறைப்பில் அவன் அடங்கிவிட்டான். பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் விவரத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

“எதிராளி பேச்சுக் கொடுத்தே கையை எடுக்க வைப்பான். நமக்குக் காதே கேட்கக் கூடாது,” என்றான் விவரம். மருந்துக்கடைக்காரன் பையிலிருந்து பஞ்சை எடுத்தான். ஆளுக்கு இரண்டு உருண்டை. மூன்று பேரும் காதை அடைத்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு பெண் செல்ஃபி எடுத்துவிட்டுச் சிரித்தபடி போனாள். விவரம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். பன்னிரண்டு மணிக்கு ஒருவர்தான் மிச்சம். கண்ணாடி போட்ட பெரிய மனிதர். எதிர்ப்பக்கம் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

ஒரு மணிக்கு அவர் ஏதோ சொன்னார். இஸ்திரிக்காரன் வானத்தைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைக் காட்டினார். இவன் மரத்தைப் பார்த்தான். பிறகு காரைத் தடவியபடியே பக்கத்தில் வந்து, முகத்துக்கு நேரே குனிந்து, வாயை அகலமாகத் திறந்து திறந்து பேசினார். இவன் கண்ணையும் மூடிக்கொண்டான்.

நண்பர்களைச் சும்மா சொல்லக் கூடாது. ஒருத்தன் பன்னைப் பிய்த்து ஊட்டினான், தண்ணீரைப் புகட்டி வாயைத் துடைத்துவிட்டான். இன்னொருத்தன் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டான். அதையெல்லாம் பார்த்துப் பெரிய மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தன் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். மயக்க மருந்து இருக்கும் என்று மருந்துக்கடைக்காரன் ஜாடையிலேயே எச்சரித்துத் தட்டிவிட்டான்.

மூன்றரை மணிக்கு இஸ்திரிக்காரன் ஒற்றைக் காலில் நின்று பார்த்தான். நாலரைக்கு அழுகை வந்தது. தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வாசலில் நிற்பார்களே என்று நினைத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையை இன்னும் அழுத்தினான். எதிரில் இருந்தவராலும் காலை மாற்றி மாற்றி நிற்கத்தான் முடிந்தது.

சரியாக ஐந்து மணிக்கு அந்த மனிதர் இஸ்திரிக்காரனின் முகத்தைப் பார்த்தார். கைப்பிடியை விட்டார். இரண்டு கைகளையும் கூப்பி அவனைக் கும்பிட்டார்.

இரண்டு கைகளும் காரில் இல்லை.

விவரம் துள்ளிக் குதித்தான். மருந்துக்கடைக்காரன் ஓடிவந்து இஸ்திரிக்காரனைக் கட்டிப்பிடித்தான். ஆறு மணி நேரம் கழித்து அவன் காரிலிருந்து கையை எடுத்தான். கை பானெட் வடிவத்திலேயே விறைத்துப்போயிருந்தது. மூன்று பேரும் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றினார்கள்.

பெரிய மனிதர் நீளமாக மூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, விவரத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கண்காட்சி பார்க்கலாம்னு வந்து, உள்ளே இடம் இல்லாம என் காரை இங்கே நிறுத்தினேன் சார்,” என்றார் மெதுவாக. “எங்க சித்தப்பா ஒருத்தரும் இவர் மாதிரித்தான், பிடிச்சதை விடவே மாட்டார். நாம வலுவா பிடுங்கினா மனசு உடைஞ்சு போயிடும். அதான் இவரா கையை எடுக்கட்டும்னு நானும் காரைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நின்னேன். வீடு எங்கேன்னு சொல்லுங்க, நானே கொண்டுபோய் விடறேன். வாசல்ல போய் ஆசை தீர ஹாரன்கூட அடிச்சுக்கட்டும், பாவம்.”