புகையில்லாத கிரேன்

மதிய வெயிலில் கிரேன் புகையில்லாமல் நிற்கிறது. டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் ஓட்டும் முதல் நாள். கப்பலும் கரையிலிருந்து போகும் தடித்த கறுப்புக் கேபிளில் மின்சாரம் வாங்கிக்கொண்டு ஊமையாகக் கிடக்கிறது. கயிறு உரசுவதுகூடக் கேட்கிறது. கீழே நின்று கை காட்டுகிறவர் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்துகிறார். கப்பலிலிருந்து இறக்கிய பெட்டி லாரியில் உட்கார்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று அர்த்தம். பதினோரு வருட இரைச்சலில் அவரும் லாரிக்காரரும் பசி, தலைவலி, பிள்ளையின் மார்க்கு எல்லாவற்றையும் கையாலேயே பேசிக்கொண்டவர்கள். இன்று லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டுகிறார். இங்கே வாயால் பேசிப் பழக்கமில்லாததால் குரல் பெரிதாக வெடிக்கிறது. "மாப்ள! உங்க அண்ணனுக்கு மூச்சுத்திணறல் தேவலையா?" சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். லாரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "ஐயோ, ஊருக்கே கேட்டுடுச்சு போல. இந்த இன்ஜினுக்கு மெக்கானிக்கா இருந்து புகையத் தின்ன மனுஷனாச்சே. புகை நின்னுடுச்சுன்னு கேட்டா சந்தோஷப்படுவாரு. சொல்லிட்டியா?" கை காட்டுகிறவர் வாயைத் திறக்கிறார். சற்றுமுன் ஆஸ்பத்திரியோடு பேசிய கைபேசி சட்டைப்பையில் இன்னும் சூடாக இருக்கிறது. வாயை மூடிக்கொள்கிறார். வலது உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லத் தாழ்த்துகிறார்.