ஏழாவது கொஞ்சம் பிந்தும்

"பாட்டு பக்கத்துல கேக்கோணுங்களா, தூரத்துல இருந்து வராப்ல கேக்கோணுங்களா?" என்று கேட்டாள் தரணி.

பல்லடம் சாலையில் இருந்த அந்த ஹெட்போன் கடையில் அவள் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அவர்கள் ரசனையைச் சொல்லிவிடுவாள். அடியும் அதிர்வும் பிடித்தவர்களுக்கு மூடின ஹெட்போனை எடுத்துக் கொடுப்பாள். தாளம் நெஞ்சில் விழும், வெளிச்சத்தம் உள்ளே வராது. வயலின், புல்லாங்குழல் என்று உருகுகிறவர்களுக்குத் திறந்த ஹெட்போன். அதன் முதுகில் சல்லடை மாதிரி கண்கள் இருக்கும். பாட்டு காதுக்குள் அடைபடாமல் வெட்டவெளியில் மிதந்து வரும்.

எதிரே நின்றவரை மட்டும் அவளால் கணிக்க முடியவில்லை. மங்கலத்திலிருந்து வந்திருந்தார். பெயர் அர்த்தநாரி. ஐம்பது வயது இருக்கும்.

"எனக்கில்ல கண்ணு, மகளுக்கு" என்றார்.

மகள் அனுப்பிரியா கோத்தகிரியில் நர்சிங் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்த பெண், அங்கே வைத்த முதல் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தோற்றிருக்கிறாள். படிப்பே வேண்டாம், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று தினமும் போனில் அழுகை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவர் கிளம்புகிறார்.

"இது காதுல உழுந்தாப் படிச்சுப் போடுவா. இல்லீன்னா பெட்டியத் தூக்கீட்டுக் கூட வந்துருவா."

அப்பேர்ப்பட்ட சங்கீதம் என்னவென்று தரணிக்கு ஆசையாக இருந்தது. கடையில் இருக்கிற பாட்டைப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று தன் செல்போனையே நீட்டினார். யார் பாடுவது என்று கேட்டதற்கு, பாட்டெல்லாம் இல்லை, தாளம் மட்டும்தான் என்றார். என்ன தாளம் என்று கேட்டாள்.

"சொன்னா நீ சிரிச்சுப் போடுவ கண்ணு."

தாளம் என்றால் யோசனையே வேண்டாம். தரணி மூடின ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். அவர் கண்களை மூடி ஒரு நிமிடம் கேட்டார். பிறகு, பிடிக்காத மாப்பிள்ளையைப் பார்த்தவர் போல மெல்லத் தலையை ஆட்டினார்.

"பக்கத்துல நின்னு காதுக்குள்ளயே அடிக்கறாப்ல இருக்குது. எம் மக இப்பிடிக் கேக்கறதில்ல."

திறந்ததை மாட்டினாள். இந்த முறை அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. சுருங்கியிருந்த நெற்றி விரிந்தது. இடது கால் தானாக ஆடத் தொடங்கியது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஹெட்போனின் சல்லடைக் கண்கள் வழியே கசிந்த சத்தமும் தகரக் கூரையில் விழும் தூறல் மாதிரியே இருந்தது. எது மழை, எது தாளம் என்று தரணிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"எட்டும் தனித்தனியாக் கேக்குது" என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஏழாவது மட்டும் எப்பவுமே கொஞ்சம் பிந்தும். அதுவும் கேக்குது."

கல்லாவில் சாய்ந்து நின்ற தரணிக்கும் கண் சொருகிற்று. மலைச்சரிவில் எட்டு மேளக்காரர்கள் வரிசையாக ஏறிப் போகிறார்கள். இடுப்பளவுக்குப் பனி. ஏழாவது ஆள் வயதானவர், மூச்சு வாங்கிக்கொண்டு அரை அடி பிந்தி வருகிறார். அவருக்குப் பின்னால், அந்தத் தாளத்துக்கே நடை போட்டுக்கொண்டு, விரித்த புத்தகத்தோடு ஒரு பெண். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

அர்த்தநாரி ஹெட்போனைக் கழற்றும் சத்தத்தில் அவள் கடைக்குத் திரும்பி வந்தாள்.

"இதையே குடு கண்ணு. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கறாப்லயே இருக்குது."

மனசாட்சி கேட்காமல் தரணி ஒரு விஷயத்தைச் சொன்னாள். திறந்த ஹெட்போனில் சத்தம் வெளியே கசியும், விடுதி அறையில் கூடத் தங்கியிருக்கிற பெண்ணுக்குத் தொந்தரவாக இருக்கும், அதனால் மூடினதே நல்லது என்றாள்.

"கேக்கட்டும். அதும் சோமனூருப் புள்ளதான். ரெண்டும் சேந்துதான் பெயிலாயிருக்குது."

தரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியில் வைத்து ஒட்டப் போனவள், மனசு கேளாமல் நிறுத்தினாள்.

"எனக்கு ஒருக்காக் கேக்கக் குடுங்களே. சிரிக்க மாட்டனுங்க."

அவர் கூச்சத்தோடு செல்போனை நீட்டினார். தரணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேளக்காரர்கள் வருவதற்காகக் கண்ணை மூடினாள்.

மேளம் எதுவும் வரவில்லை. தடக் படக், தடக் படக் என்று எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தறிக் குடோனை ஒட்டுன ரூம்புலயே பொறந்து வளந்து படிச்ச புள்ள கண்ணு, அந்தச் சோமனூருப் புள்ளையும் அப்பிடித்தான்" என்றார் அர்த்தநாரி. "அந்த ஊரு சத்தமே இல்லாமக் கெடக்குதாம், ஒரு வரி மண்டையில ஏற மாட்டேங்குதுங்கறா."