தலைவருக்குக் கீழ்ப்படியும் வீடு

குடும்பத் தலைவர் குரலுக்கு மட்டுமே கீழ்ப்படியும் வீட்டை ஞானசிகாமணி வாங்கிவிட்டார். புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தில் போதகர் அதைப் புகழ்ந்து முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார். நாற்பது விருந்தாளிகளும் பிரியாணி வாசனைக்குக் காத்திருந்தார்கள்.

“தலைவரே, கறி எட்டுக் கிலோ. உப்பு எவ்வளவு?” என்றது அடுப்பு, உற்சாகமாக.

தலைவர் கம்பீரமாகச் செருமினார். “தேவையான அளவு!”

“அளவு புரியவில்லை, தலைவரே.”

“இருவது வருசமா உப்பு பத்தலன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சிதுல்லா!” என்ற மனைவி பியூலா, அளவை அவர் காதில் ஓதினாள்.

“வேறு குரல் கேட்கிறது. தலைவர் தாமே முடிவெடுக்கவும்.”

மணி இரண்டானது. அடுப்பு பற்றவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு போதகர் எழுந்தார். “அண்ணாச்சி, அடுக்களைய அக்காட்ட குடுத்துருங்க!”

ஞானசிகாமணி அடுப்பின் பக்கம் திரும்பினார். “வீடே, அடுக்களையில இனி பியூலா சொல்றதக் கேளு.”

“எதுவரை, தலைவரே?”

அவர் போதகரைப் பார்த்தார்.

“சதாகாலங்களிலும்னு சொல்லுங்க, பசி தாங்கல!”

“சதாகாலங்களிலும்...”

பிரசங்கத்துக்குக் கிடைக்காத சத்தத்தில் நாற்பது பேரும் முழங்கினார்கள்: “ஆமென்!”